யோகராசு கையில் கிடந்த காப்பு

யோகராசு என்கிற பேரை நான் முதலில் கேட்டது ஒரு வசவில். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிது. வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருக்கிறேன், தெருமுக்கில் ஒரு பொம்பளை குனிந்து குனிந்து மண்ணை அள்ளி வானத்தைப் பார்த்து எறிகிறாள். “ஏலே யோகராசு, ஒன் ஆடு பூரா கழிஞ்சு சாகும், ஒரு குட்டி மிஞ்சாது” என்கிறாள். அவளுடைய பருத்தியை அவர் ஆடுகள் மேய்ந்துவிட்டனவாம். நியாயம் கேட்கப் போனவளிடம், மேய்ந்த இடத்தில் புழுக்கை போட்டிருக்கிறதே, அது உரமில்லையா, அதற்கு நீ எனக்கு என்ன தருவாய் என்று கேட்டிருக்கிறார். மீசை சரியாக முளைக்காத வயசு அப்போது. யார் இந்தப் பையன் என்று மாமியாரிடம் கேட்டேன். உன் புருசனுக்குச் சித்தப்பா மகன்தான், உனக்குக் கொழுந்தன் என்றார். கொழுந்தன் என்ற முறையில் எனக்கு ‘அவன்’தான். பிரசிடெண்டு ஆன பிறகு ஊரோடு சேர்ந்து ‘அவர்’ என்று சொல்லப் பழகினேன், இப்போது மாற்ற வரவில்லை.

எங்கள் ஊர் கழுகுமலைக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், பஸ் போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பேரை எழுத வேண்டாம் என்று யோகராசு மகள் தீபலட்சுமி சொல்லிவிட்டாள். கரிசல் காடு, மானாவாரி வெள்ளாமை, ஆடு. தண்ணீர் மட்டும் எந்தக் காலத்திலும் கிடையாது.

அந்த வசவைக் கேட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து என் சின்னையா தன் மகள் பாலம்மாளுக்கு மாப்பிள்ளை தேடி என்னிடம் வந்தார். யோகராசு எப்படி என்று கேட்டார். பீடி கிடையாது, குடி கிடையாது, சொன்ன சொல்லிலிருந்து இறங்கமாட்டார் என்றேன். மூன்றும் நிஜம். சின்னையா மூன்றாவதையும் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டார். பாலம்மாள் இந்த ஊருக்கு வந்தாள். அந்த வழியில் அவள் எனக்குத் தங்கச்சி, இந்த வழியில் ஓர்ப்படியாள். சிரித்துக்கொண்டே நாலு பேர் வேலையைச் செய்துவிடுவாள். அவளுக்குப் பிறந்தது தீபலட்சுமி ஒருத்திதான்.

யோகராசு ஆட்டை விற்று நிலம் வாங்கினார், நிலத்தில் உளுந்து போட்டார், உளுந்து விற்ற காசில் வெள்ளைச் சட்டை தைத்தார். இரண்டாயிரத்து ஆறில் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று பிரசிடெண்டு ஆனார். அடுத்த தடவையும் அவர்தான். நல்லது செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. தெருவிளக்குப் போட்டார், மேல்நிலைத் தொட்டி கட்டினார், சுடுகாட்டுக்குப் பாதை போட்டார். ஆனால் தொட்டித் தண்ணீரைத் திறக்கிற இரும்புக் கம்பியைத் தன் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். ஓட்டு விழவில்லை என்று அவருக்குச் சந்தேகம் வந்த தெருவுக்குத் தண்ணீர் வராது. கிழக்குத் தெருப் பொம்பளைகள் குடத்தோடு வந்து அவர் வாசலில் நிற்பார்கள். அவர் பேப்பர் படித்துக்கொண்டே இருப்பார். பாலம்மாள்தான் கொல்லைப்பக்கமாக வரச் சொல்லித் தன் வீட்டுத் தொட்டியிலிருந்து ஊற்றி அனுப்புவாள்.

எங்கள் அம்மனுக்கு எடுக்கிற கொடைத் திருவிழாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை கொடை, மறுநாள் புதன்கிழமை காப்பு அவிழ்ப்பு. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைப் பூசாரி முதலில் ஊர்த்தலைவர் கையில் கட்டி, அப்புறம்தான் அம்மன் சூலத்துக்குக் கட்டுவார். பிரசிடெண்டு யாரோ அவர்தான் ஊர்த்தலைவர், அது எங்கள் அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். காப்புக் கட்டியவர் செருப்புப் போடக் கூடாது, ஊர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது, எழவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அவர் வீட்டிலேயே சாவு விழுந்தால் காப்பு அறுந்தது, அந்த வருஷம் கொடை நின்றது. ஊருக்குள் வேறு யார் செத்தாலும் கொடைக்குத் தீட்டுதான். அதனால் இழுத்துக்கொண்டு கிடக்கிற கிழடுகளைக் காப்புக்கு முன்னாலேயே வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

யோகராசு பிரசிடெண்டாக இருந்தபோது ஒரு கொடைக்குக் காப்புக் கட்டிய பிறகு, ஆடு மேய்க்கிற இசக்கிபாண்டியின் அம்மா உடம்புக்குச் சேட்டம் இல்லாமல் படுத்துவிட்டாள். வெளியூரில் அவனுக்கு யாரும் கிடையாது. வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்தி வைத்துக்கொள்கிறேன், மூச்சு நின்றாலும் கொடை முடியும்வரை சொல்லமாட்டேன் என்று காலில் விழுந்தான். ஆத்தாவுக்கு முன்னால் எல்லாரும் ஒன்றுதான் என்று யோகராசு சொல்லிவிட்டார். கிழவியைக் கட்டிலோடு தூக்கி எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மோட்டார் ரூமில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கேயே செத்துப்போனாள்.

பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல் மூன்று வருஷம் பஞ்சாயத்து சர்க்கார் அதிகாரி கையில் கிடந்தது. அப்போதும் அவர் தினமும் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். அதிகாரி வந்தால் எழுந்து பக்கத்து நாற்காலிக்கு மாறுவார், அவர் போனதும் திரும்பி வருவார். இரண்டாயிரத்து பத்தொன்பது கடைசியில் தேர்தல் வந்தது. எங்கள் பங்காளி வீட்டுப் பையன் செல்வகணேஷ் எதிர்த்து நின்றான். யோகராசுவைப் பெரியப்பா என்று கூப்பிடுகிற முறை. கோவில்பட்டியில் செல்போன் கடை வைத்திருந்தவன். அவன் ஜெயித்தான். எண்ணி முடித்த அன்று யோகராசு மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடி எண்ணியதில் இன்னும் நாலு ஓட்டுக் குறைந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் ஊருக்கு வேடிக்கை. தொட்டிக் கம்பியைத் தரமாட்டேன் என்றார், செல்வகணேஷ் வெல்டிங் கடையில் புதுக் கம்பி செய்துகொண்டு வந்தான். ஆபீஸ் சாவியைத் தரமாட்டேன் என்றார், பூட்டையே மாற்றினார்கள். வீட்டு வாசலில் ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ என்று போட்டிருந்த போர்டை எடுக்கச் சொல்லி யூனியன் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. எடுக்கவில்லை. முன்னால் ஒரு ‘மு.’ சேர்த்தார். ஆட்டு உண்ணி அளவுக்கு ஒரு ‘மு.’. கிட்டத்தில் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

ஊரும் லேசுப்பட்டதில்லை. தோற்ற பிறகுதான் அவரைப் பிரசிடெண்டு பிரசிடெண்டு என்று வாய் நிறையக் கூப்பிட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற பையன்கள் போன் போட்டு, “பிரசிடெண்டு, கீழத்தெரு லைட்டு எரியல, வந்து பாருங்க” என்பார்கள். பட்டப்பகலில் எந்த விளக்கு எரியும். அவர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் பாலம்மாள், “அவனுவ சிரிக்கானுவ, நீங்க போகாதீங்க” என்று சொல்லியிருக்கிறாள். தண்ணீர்ச் செம்பு அவள் நெற்றியில் வந்து விழுந்தது. எனக்கு அவள் காட்டியபோது மஞ்சளை அப்பி மறைத்திருந்தாள். “செம்புதான் நசுங்கிட்டு, அக்கா” என்று சிரித்தாள்.

கொரோனா இரண்டு வருஷக் கொடையைத் தின்றுவிட்டது. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் கொடை போட ஊர் கூடியது. காப்பு யார் கையில் என்ற பேச்சு வந்தது. செல்வகணேஷ் பேர்தான் எல்லார் வாயிலும். யோகராசு எழுந்தார்.

“ஓட்டுப் போட்டது நீங்க. காப்புக் கட்டுதது ஆத்தா. அவ இன்னும் என்னையத் தோக்கடிக்கல” என்றார்.

செல்வகணேஷ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கி, “பெரியப்பாவே கட்டிக்கிடட்டும். எனக்கு அந்த வாரம் பூரா யூனியன் ஆபீஸ் அலைச்சல் இருக்கு. ஊருக்குள்ளயே அடைஞ்சு கிடக்க எனக்கு ஏலாது” என்றான். சுற்றிலும் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யோகராசு அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி இருந்தார். வீட்டுக்கு வந்து பாலம்மாளிடம் ஊரே ஒரு குரலில் தன்னைத்தான் சொன்னது என்றாராம்.

காப்புக்கு இரண்டு நாள் முன்னால் பாலம்மாள் காலில் சீமைக்கருவேல முள் ஏறியது. கொடைக்கு வருகிறவர்களுக்குச் சோறு ஆக்க விறகு வெட்டப் போன இடத்தில். பிரசிடெண்டு வீட்டில் ஊரே சாப்பிடும் என்று அவர் சொல்லிவைத்திருந்தார். அவளுக்குச் சர்க்கரை. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை பூசாரி வேல்சாமி யோகராசு கையில் காப்பைக் கட்டியபோது அவள் பக்கத்தில் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றதை நான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காய்ச்சல் தணலாக அடித்தது. பாதம் வீங்கி, விரல் இடுக்கு கருத்திருந்தது. நான்தான் ஆட்டோ பிடித்துக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனேன். யோகராசு எல்லைக் கல்வரைக்கும் ஆட்டோவுக்குப் பின்னால் நடந்து வந்து, அங்கே நின்றுகொண்டார். செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டே, “கொடைக்குள்ள கூட்டிட்டு வந்துருங்க, மதினி” என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. காலைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. மறுநாள் காலையில், முழங்காலுக்குக் கீழே எடுத்தால் ஆளைக் காப்பாற்றலாம், தாமதித்தால் விஷம் மேலே ஏறிவிடும் என்று சொன்னார்கள். தீபலட்சுமிக்குக் கோவில்பட்டியில்தான் வீடு, ஜவுளிக்கடையில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். எடுங்கள் என்று உடனே சொன்னாள். பாலம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை, அவரைக் கேட்க வேண்டும் என்றாள்.

“காலு ஒன்னோடதும்மா. அவியள எதுக்குக் கேக்கணும்?” என்றாள் மகள்.

“அவியளக் கேக்காம நான் ஒரு சேலைகூட எடுத்தது இல்ல. காலை எடுக்கச் சொல்லுத” என்றாள் பாலம்மாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தக் காய்ச்சலிலும்.

போன் போட்டோம். யோகராசு எல்லாவற்றையும் கேட்டார். காலை எடுத்தால் பிழைப்பாளா என்று கேட்டார். நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, சர்க்கரை இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதைத் தீபலட்சுமி அப்படியே சொன்னாள். அந்தப் பக்கம் மேளக்காரர்கள் தோலைக் காய்ச்சித் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: “கொடை முடியுத வரைக்கும் கத்தி வைக்கக் கூடாது. புதங்கிழமை நான் வந்து டாக்டர்ட்ட பேசுதேன். பிரசிடெண்டு சொன்னாருன்னு சொல்லு.”

டாக்டரம்மா யார் அந்தப் பிரசிடெண்டு என்று கேட்டாள். பாலம்மாள் புருசன்தான் என்று நான் சொன்னேன்.

கத்தி வைத்த இடத்தில் அவள் உயிர் போய்விட்டால் காப்பு அறுந்துவிடும். புதன்கிழமைவரை காலோடு கிடந்தால் உயிர் கிடக்கும். அவர் போட்ட கணக்கு அவ்வளவுதான். எனக்குப் போனிலேயே விளங்கிவிட்டது. பாலம்மாளுக்கும் விளங்கியிருக்கும். ஆனால் அவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பெற்ற மகள் கெஞ்சினாள், டாக்டரம்மா திட்டினாள், நான் காலில் விழாத குறை. நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், சரி என்கிறேன் என்பதுதான் அவள் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை தீபலட்சுமி அப்பாவைக் கூட்டிவர ஊருக்குப் போனாள். அங்கே நடந்ததை அவளும் சொன்னாள், பார்த்தவர்களும் சொன்னார்கள், இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. கோயிலில் பந்தலுக்கு வாழை கட்டச் சொல்லி நின்ற மனுசரைக் கையைப் பிடித்து எல்லைக் கல்வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஊர் பின்னாலேயே வந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மகள். ஆட்டோ ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரு எட்டு வைங்கப்பா. அம்மா ஒங்க மூஞ்சியப் பாத்தா காலை எடுக்கச் சம்மதிப்பா” என்றாள்.

“இங்கன இருந்தே போன்ல சொல்லுதேன்.”

“போன்ல கத்தி வைக்காதேன்னுதான சொன்னீங்க. வேற சொல்லப் போறீங்களா?”

அந்த நேரத்தில் செல்வகணேஷ் பைக்கில் வந்து இறங்கினான், பின்னால் பூசாரி வேல்சாமி. “பெரியப்பா, கழத்திக் குடுங்க. நான் கட்டிக்கிடுதேன். பூசாரிட்ட கேட்டுட்டேன், பரிகாரம் பண்ணிட்டு மாத்திக் கட்டலாம்னு சொல்லிட்டாரு. நீங்க போயிப் பெரியம்மாவப் பாருங்க” என்றான். மனசாரச் சொன்னானா, ஊர் பார்க்கச் சொன்னானா, எனக்குத் தெரியாது. வேல்சாமியும் தலையாட்டினார். அம்மன் அதற்கு ஒத்துக்கொள்வாள் என்றார்.

யோகராசு இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பொத்திக்கொண்டார்.

“ஆபீஸ் பூட்ட மாத்துன மாதிரி இதையும் மாத்திரலாம்னு பாக்கியா?” என்றார்.

“அம்மா செத்துருவாப்பா.”

“ஆத்தா பாத்துக்கிடுவா.”

கூட்டத்தின் ஓரத்தில் இசக்கிபாண்டி நின்றிருந்தான். ஆட்டை ஓட்டிக்கொண்டு போனவன் கம்பை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “போகாதீக, பிரசிடெண்டு” என்றான் மெதுவாக. “எங்க ஆத்தாவ இந்தக் கல்லுக்கு அங்கிட்டுக் கொண்டாந்து போட்டது நீங்கதான. சட்டத்த மாத்துனா அவளுக்கு யாரு பதில் சொல்லுதது.”

யோகராசு அவனைப் பார்த்துத் தலையாட்டினார். தனக்காகப் பேசுகிறான் என்று நினைத்தார். அதைத்தான் எல்லாரும் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தீபலட்சுமி ஆட்டோவில் ஏறிவிட்டாள். அன்று சாயங்காலமே பாலம்மாளுக்குப் பேச்சுக் குழறியது. அவர் வரவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் இனிமேல் காலை எடுத்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் உயிர் போனது. நான் அவள் வாயில் ஊற்றிய பால் கன்னத்தில் வழிந்தது.

யோகராசுக்கு நான்தான் போன் போட்டேன். தீபலட்சுமி சுவரில் சாய்ந்து நின்றாள். போனைச் சத்தமாக வைத்திருந்தேன், எனக்குக் காது மந்தம். பாலம்மாள் போய்விட்டாள் என்றேன். முதலில் ஒரு சத்தம் வந்தது, ஆட்டுக்குட்டி கழுத்தில் கயிறு இறுகினால் வருமே, அந்த மாதிரி. அப்புறம் கேட்டார்:

“வேற யாருக்காச்சும் தெரியுமா, மதினி?”

இல்லை என்றேன்.

“யார்ட்டயும் சொல்லாதீங்க. நாளைக்குக் கொடை. புதங்கிழமை மத்தியானம் காப்பு அவுத்துருவாக. அதுவரைக்கும் ஐஸ் பெட்டியில வைக்கச் சொல்லுங்க. நான் மேளதாளத்தோட வந்து கூட்டிட்டுப் போறேன். பிரசிடெண்டு சம்சாரத்துக்கு எப்படிச் செய்யணுமோ அப்படிச் செய்வேன்.”

நான் மகள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்த போனை வாங்கி அமர்த்தினாள்.

அவள் அழவில்லை. புருசனைக் கூப்பிட்டு, கோவில்பட்டி மயானத்தில் சாயங்காலத்துக்கு இடம் கேட்கச் சொன்னாள். புருசனோடு பிறந்தவர்கள் வந்து தூக்கினார்கள். எங்கள் பக்கத்தில் பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் போனோம். கருத்துப் போன அந்தக் காலோடுதான் அவள் போனாள். கொள்ளியை மகளே வைத்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் சொன்னபடியே ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை கொடை. நான் போகவில்லை. போனவர்கள் சொன்னதுதான். யோகராசு தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு அம்மனுக்கு முன்னால் நடந்தாராம். மைக்கில் ‘ஊர்த்தலைவர்’ என்று பேர் சொல்லச் சொல்ல, கையெடுத்துக் கும்பிட்டாராம். பாலம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்ட பொம்பளைகளிடம், “தேறிட்டா. கஞ்சி குடிக்கா” என்றாராம். கிடா வெட்டினார்கள். அவர் வீட்டில் ஊருக்கே சோறு. சமையலுக்கு வெளியாள் பிடித்திருந்தார். அவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

புதன்கிழமை மத்தியானம் கிணற்றடியில் மஞ்சத்தண்ணி ஊற்றி வேல்சாமி காப்பை அறுத்தார். அறுத்த கையோடு யோகராசு ஈரத் துணியோடு தரையில் விழுந்து கதறினார். இப்போதுதான் போன் வந்தது, பாலம்மாள் போய்விட்டாள் என்றார். அந்த அழுகையில் பொய் இல்லை என்று வேல்சாமி இன்றைக்கும் சொல்கிறார். இருக்கலாம். கொடைக்குப் போட்ட பந்தலைப் பிரிக்க வேண்டாம் என்றார், மேளக்காரர்களை இருக்கச் சொன்னார், கொடைக்குக் கட்டிய மைக்கிலேயே சாவையும் சொல்லச் சொன்னார். ஒரு வேன் பிடித்து, மாலையும் ரோஜா இதழும் ஏற்றிக்கொண்டு, வேல்சாமி, ஊர்ப் பெரியவர்கள், செல்வகணேஷ் எல்லாருமாகக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

சவக்கிடங்கில் இருந்த ஆளிடம் பேரைச் சொன்னார்கள். அவன் பீடியைக் கீழே போடாமலே, “அந்தம்மாவ முந்தாநேத்தே மக வந்து கொண்டு போயிட்டாகளே” என்றான்.

முந்தாநேத்து. வேல்சாமி கையில் இன்னும் மஞ்சள் காயவில்லை. அவர் விரலை மடக்கினார். இன்றைக்குப் புதன், நேற்றுக் கொடை, முந்தாநேற்று திங்கள். பிணத்தைப் போட்டுக்கொண்டு அம்மனுக்கு முன்னால் நடந்திருக்கிறான், கிடா வெட்டியிருக்கிறான், ஊருக்குச் சோறு போட்டிருக்கிறான். அத்தனை பேரும் எழவு வீட்டுச் சோற்றைத் தின்றிருக்கிறார்கள். பெரியவர்களில் ஒருவர் அங்கேயே சுவரோரம் போய் வாயில் விரலை விட்டு வாந்தி எடுத்தார். மாலையை வேனிலிருந்து எடுத்து வாறுகால் சாக்கடையில் போட்டார்கள்.

வேன் தீபலட்சுமி வீட்டு வாசலில் வந்து நின்றது. யோகராசு மட்டும் இறங்கினார். நான் உள்ளே விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“எங்க?” என்றார்.

“எரிச்சாச்சு” என்றாள் மகள்.

“என்னையக் கேக்காம யாரு எரிக்கச் சொன்னது?”

அவர் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான். மகள் வாசலை மறித்து நின்றாள். “நீங்க காப்புல இருந்தீங்க. காப்புல இருக்கவிய எழவு வீட்டு வாசல மிதிக்கக் கூடாதுல்லா” என்றாள். குரலே உயரவில்லை. கதவைச் சாத்தினாள்.

அவர் திரும்பிப் பார்த்தபோது வேன் கிளம்பிவிட்டது. செல்வகணேஷ் ஜன்னல் வழியாக, “பஸ்ஸுல வாங்க, பெரியப்பா” என்றானாம். அவர் அங்கேயே ரொம்ப நேரம் நின்றார். ஈரம் காயாத வேட்டி. நான் ஜன்னலில் பார்த்தேன், கதவைத் திறக்கச் சொல்லவில்லை.

ஊர் கூடி அவரை ஒதுக்கி வைத்தது. எந்த வீட்டிலும் தண்ணீர் தரக் கூடாது, எந்தக் கடையிலும் டீ தரக் கூடாது, கோயில் பக்கம் வரக் கூடாது. தொட்டித் தண்ணீர் மட்டும் செல்வகணேஷ் விட்டான், அது சர்க்கார் தண்ணீர், நிறுத்தினால் கேஸாகும் என்றான். அந்த வருஷம் ஆடுகளுக்கு நோய் வந்து பட்டி பட்டியாகச் செத்தன. அதையும் அவர் தலையில் கட்டினார்கள். அடுத்த கொடையிலிருந்து காப்பைச் சூலத்துக்கு மட்டும் கட்டுகிறார்கள், ஆள் கையில் கட்டுவதில்லை. டீக்கடைப் பையன்கள் மட்டும் போன் போடுவதை விடவில்லை. லைட்டு எரியல, பிரசிடெண்டு, என்பார்கள். அவர் போவார். ஊரில் அவரிடம் பேசுகிறவர்கள் அவர்கள்தான் என்று ஆகிவிட்டது.

இரண்டாயிரத்து இருபத்தைந்தில் தை பிறக்கிற சமயத்தில் செல்வகணேஷுக்கும் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி அதிகாரி ஆட்சி. அன்றைக்குக் காலையில் யோகராசு சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய்க் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கிளார்க் வந்து, “எந்திரிங்க, பெரியவரே” என்றான். வெளியூர்ப் பையன், யாரென்று தெரியாது. அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி வெளியே வைத்தார்கள். வெயில் ஏறுகிற வரைக்கும் அதிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு நாற்காலியைக் கேட்டார்கள், எழுந்து கொடுத்தார்.

அந்த வாரமே வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார். தீபலட்சுமி அவரிடம் பேசுவதில்லை.

யோகராசு இப்போது கயத்தாறு பைபாஸில் ஒரு லாரி செட்டில் காவலுக்கு இருக்கிறார்.